எலி மூளையைப் போட்டோ பிடித்த கதை

உயிரோடு இருக்கிற மூளையைப் போட்டோ பிடிக்கும் தொழிலில் ஒரே ஒரு சௌகரியம்தான் உண்டு: எதிரில் இருப்பவர், "என் கண்ணு மூடிப்போச்சு, இன்னொண்ணு எடுங்க" என்று கேட்கமாட்டார். மற்றதெல்லாம் கஷ்டம்தான். இனி நான் சொல்லப்போவதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் மேல் சத்தியம்! சில்வர் பீச் கடல் மேல் சத்தியம்! அதுவும் போதாதென்றால் என் பெண்டாட்டி வைக்கிற சங்கரா மீன் குழம்பின் மேல் சத்தியம். இதற்கு மேல் ஒரு மனுஷன் எதைப் பணயம் வைக்க முடியும்?

இருட்டறையில் உட்கார்ந்து, ஒற்றைக் கண்ணை இடுக்கி, கழுத்து நரம்பைத் தொலைத்துவிட்டு வீட்டில் தைலம் தேடுகிற சகோதர சகோதரிகளே, இது உங்களுக்காக. மற்றவர்கள் சும்மா சிரித்துவிட்டுப் போகலாம்.

ஈ உட்கார்ந்த மாப்பிள்ளை

2004இல் கடலூர் முதுநகரில் எனக்கு ஒரு போட்டோ ஸ்டுடியோ இருந்தது. அந்த வருஷம் சிதம்பரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் போனேன். பெண்ணின் தகப்பனார் கோதண்டபாணி சார். அங்கே ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் மூளையைப் பற்றி ஆராய்கிற பேராசிரியர். தாலி கட்டுகிற நேரம் பார்த்து ஒரு ஈ வந்து மாப்பிள்ளை மூக்கில் உட்கார்ந்தது. என் லென்ஸுக்கு என்னை மாதிரியே குணம். எது கிட்டத்தில் இருக்கிறதோ அதற்குத்தான் விசுவாசம்.

ஆல்பம் பார்த்த வீடே கொதித்தது. மாப்பிள்ளை மார்கழிப் பனியில் நிற்கிற ஆள் மாதிரி மங்கலாக இருந்தார். ஈ மட்டும் கம்பீரமாக இருந்தது. அதன் கால் மயிரில் ஒட்டியிருந்த சந்தனப் பொடிகூடத் தெரிந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு என் பக்கம் வந்தார். கோதண்டபாணி சார் குறுக்கே புகுந்து, பூதக்கண்ணாடியை வைத்து அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "ஈ கண்ணுல இருக்கிற கட்டத்தையெல்லாம் எண்ணிடலாம் போலருக்கு, மாப்பிள்ள யாருன்னுதான் தெரியல. நாளைக்கே லேபுக்கு வந்துடுய்யா, அங்க நமக்கு மாப்பிள்ளையே தேவையில்ல."

தோப்பு பார்க்க வந்தவர்

அங்கே போய் இரண்டு மூன்று வருஷம் கழித்து ரோஸ்லின் வந்து சேர்ந்தாள். அண்ணாகிராமத்துப் பெண், சாரிடம் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்ய வந்தவள். அவள் அப்பா அருளப்பன் முந்திரித் தோப்பு வைத்திருந்தார். பார்த்த முதல் நாளே என்னை மச்சான் ஆக்கிக்கொண்டார். மகள் என்னதான் செய்கிறாள் என்று பார்க்க ஒருநாள் வந்தவருக்கு அவள் விளக்கினாள். நானும் அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்துகொண்டேன். அதுவரை புரிந்த மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

"அப்பா, மூளையில இருக்கிற ஒவ்வொரு நரம்பணுவும் ஒரு மரம் மாதிரி. அதுக்குக் கிளை. கிளை பூராவும் குட்டிக் குட்டி முள்ளு. முள்ளுன்னா குத்துற முள்ளு இல்ல. முந்திரிப் பழம் காம்புல தொங்குதே, அந்த மாதிரி: தலை பெருசு, கழுத்து மெல்லிசு. பக்கத்து மரம் சேதி அனுப்புனா முள்ளோட தலையில கதவு தொறக்கும், கால்சியம் உள்ள பாயும். 'இந்தச் சேதிய ஞாபகம் வச்சுக்க'ன்னு அர்த்தம். கால்சியம் பட்டா ஒளிர்ற சாயத்த நாங்க உள்ள அனுப்பி வச்சிருக்கோம். அதனால முள்ளு மினுங்கும். மாமா படம் எடுப்பாரு." அந்தக் கால்சியம் பாய்ந்த முள்ளுக்குள்ளேயே நின்றால் அந்த ஒரு ஞாபகம் பலப்படும், கழுத்து வழியாக ஒழுகினால் பக்கத்து முட்களெல்லாம் தனக்குத்தான் சேதி வந்ததென்று குழம்பிவிடும். இளசான மூளையில் ஒழுகாது என்பது உலகத்துக்கே தெரியும். கிழட்டு மூளையில்? ஒழுகும் என்று பெங்களூரில் ஒரு பெரிய விஞ்ஞானி அம்மாள் எழுதியிருந்தார். ஒழுகாது என்றாள் ரோஸ்லின்.

வில்லங்கம் என்னவென்றால், எங்கள் மைக்ரோஸ்கோப் எங்களுடையது இல்லை. சென்னையில் ஒரு அரசு நிறுவனம் சில வருஷத் தவணைக்கு இரவல் கொடுத்திருந்தது. தவணை முடிகிறபோது அதே பெங்களூர் அம்மாள்தான் வந்து பார்ப்பார். கிழட்டு எலியின் மூளையில் ஒரே ஒரு முள் தனியாக மினுங்குவதை அவர் கண்ணுக்குக் காட்டவேண்டும். காட்டாவிட்டால் மைக்ரோஸ்கோப் சென்னைக்கு லாரி ஏறும், ரோஸ்லின் பட்டமும் கூடவே ஏறிப் போய்விடும். எனக்கு அப்போது அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. என் தலைக்குள்ளும் ஒழுகுகிறதா என்று தெரிந்துகொள்ள எனக்கும் அவசரம். அருளப்பன் எல்லாவற்றையும் கேட்டு முடித்து என் பக்கம் திரும்பினார்: "மூளைன்னா முந்திரித் தோப்புதான், அது புரிஞ்சு போச்சு மச்சான். பறிப்பு எப்போ, அத மட்டும் சொல்லு."

ரயில் நின்ற சந்தோஷம்

அகலப் பாதை போடுவதற்காகச் சிதம்பரத்துக்கு ரயிலே இல்லாமல் நிறுத்தியிருந்த வருஷங்கள் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். ஊரே பஸ்ஸில் நசுங்கியது. ஊரில் சந்தோஷமாக இருந்தது எங்கள் லேப் மட்டும்தான். ஏனென்றால் முள் என்பது தலைமுடியின் கனத்தில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. தண்டவாளம் அதிர்ந்தால் மேஜை அதிரும், மேஜை அதிர்ந்தால் முள் திரையை விட்டே ஓடிப்போகும். எங்கள் மேஜை அவ்வளவு ரோஷக்காரி. பரங்கிப்பேட்டையில் ஒருத்தர் தும்மினால் இங்கே திரை குலுங்கும். அந்தத் தும்மலை வைத்தே அங்கே இன்றைக்கு மழையா வெயிலா என்று நான் சொல்லிவிடுவேன். சத்தியம் முன்னாலேயே செய்துவிட்டேன், திரும்பக் கேட்காதீர்கள்.

ரயில் நின்ற முதல் வாரத்திலேயே ரோஸ்லின் ஒரு முழுக் கிளையைப் படமாக எடுத்துவிட்டாள். முட்களெல்லாம் அசையாமல் குரூப் போட்டோவுக்கு நிற்கிற மாதிரி நின்றன. நான் பூரித்துப் போய் டீக்கடைக்கு வந்து, "ரயில் நின்னது எவ்ளோ நல்லதாப் போச்சு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். கடையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் அப்போதுதான் கடலூரிலிருந்து நின்றுகொண்டே பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள். என்னைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டார்கள். நான் எலி, மூளை, முள், அதிர்வு என்று விளக்க விளக்க வட்டம் சின்னதாகிக்கொண்டே வந்தது. டீ மாஸ்டர் ஆற்றுகிற கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "யோவ், எலிக்கு ஆடக்கூடாதுன்னு எங்களப் போட்டு இந்த ஆட்டு ஆட்டுறீங்களா?"

கம்பத்தில் ஏறிய மனிதர்

ரயில் போன சந்தோஷத்தைக் கரண்டு வந்து கெடுத்தது. வந்து என்று சொன்னது தப்பு, போய்க் கெடுத்தது. மூளையை வெங்காயத் தோல் கனத்துக்குச் சீவி, உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரில் மிதக்கவிட்டு, பிராணவாயு குமிழிவிட்டுக்கொண்டே இருந்தால்தான் அது சில மணி நேரம் உயிரோடு இருக்கும். ஒருநாள் மத்தியானம் ரோஸ்லின் ஒரு கிழட்டு நரம்பணுவைப் பிடித்துச் சாயம் ஏற்றி முடித்த கையோடு கரண்டு போயிற்று. பேட்டரி கொஞ்ச நேரம் முனகிவிட்டு அதுவும் படுத்துக்கொண்டது. அந்த எலி கிழடாவதற்கு நாங்கள் ரெண்டு வருஷத்துக்கு மேல் காத்திருந்தோம். ரோஸ்லின் கண்ணாடிக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் வெளியே ஓடினேன். தெருமுனையில் மின்வாரிய லைன்மேன் ஒருவர் கம்பத்தடியில் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். "அண்ணே, உள்ள ஒரு வயசான உயிரு ஊசலாடுதுண்ணே, மூளையில பிராப்ளம், மூச்சு மிஷின் நின்னு போச்சு" என்றேன். இதில் எந்தச் சொல் பொய் என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள். மனிதர் டப்பாவை அப்படியே வைத்துவிட்டுக் கம்பத்தில் ஏறிய வேகத்தைப் பார்த்து மேலே இருந்த காக்கா வழிவிட்டது. கரண்டு வந்தது.

அவர் இறங்கினதும் நேரே உள்ளே வந்தார், பெரியவரைப் பார்க்கவேண்டுமாம். ரோஸ்லின் கிண்ணத்தைக் காட்டினாள். அதற்குள் மிதந்துகொண்டிருந்த துணுக்கை அவர் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் சட்டைக் காலர் வரைக்கும் அவர் கை வந்தது. பிறகு திரையில் அந்த நரம்பணு கிளை விரித்து நிற்பதைப் பார்த்ததும் கை தானாக இறங்கிற்று. ரோஸ்லினிடம் மெதுவாகக் கேட்டார்: "சோத்தப் போட்டுட்டு வந்தேம்மா... பொழச்சுக்குமா, இல்லியா?"

சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின்

பிழைத்தது. ஆனால் அதற்குப் பிறகு வந்த சோதனை கரண்டுக்காரர் ஏறித் தீர்க்கிற சோதனை இல்லை. திடீரென்று ஒவ்வொரு நரம்பணுவும், நாங்கள் எதுவும் செய்வதற்கு முன்பே, வேர் முதல் நுனி வரை பளீரென்று எரிந்தது. முள் மினுங்கவேண்டும் என்றால் மற்றது இருட்டாக இருக்கவேண்டும் அல்லவா? இங்கே தீபாவளி. கால்சியம் எங்கிருந்தோ வந்து சாயத்தோடு முன்கூட்டியே கலந்துவிடுகிறது. ரோஸ்லின் தண்ணீரை மாற்றினாள், சாயத்தை மாற்றினாள், கண்ணாடிச் சாமானை மாற்றினாள். நான் சாமி படத்தை மாற்றினேன். ஒன்றும் பலிக்கவில்லை. கோதண்டபாணி சார் மட்டும் தளரவில்லை. "தள்ளுங்க, சாயக் கரைசல நானே கலந்து தரேன்" என்று, சமீபத்தில்தான் கலக்க ஒரு கை கொடுக்க ஆரம்பித்திருந்தவர், தினமும் தானே உட்கார்ந்து கலந்தார். அவர் கலக்கக் கலக்க நிலைமை இன்னும் மோசமானது.

சாருக்கு ஒரு பழக்கம். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் வெற்றிலை போடாமல் அவருக்குப் பேச்சே வராது. வெற்றிலை முதுகில் சுண்ணாம்பைத் தடவுகிற அந்த ஆட்காட்டி விரல் இருக்கிறதே, அதை வேட்டியில் துடைப்பார். துடைத்தால் போதும் என்பது அவர் கட்சி. சுண்ணாம்பு என்றால் என்ன? கால்சியம்தான். ரோஸ்லினுக்கு ஒருநாள் பொறி தட்டிற்று. ஆனால் எந்த மாணவி தன் பேராசிரியரிடம் போய், "ஐயா, குற்றவாளி உங்க விரலு" என்று சொல்லுவாள்? அவள் என்ன செய்தாள் தெரியுமா? "சார், உங்க கைராசிதான் எனக்கு வேணும். சாப்பாட்டுக்கு முன்ன ஒரு தடவ, சாப்பிட்டு ஒரு தடவ, ரெண்டு கரைசல் கலந்து தாங்க" என்றாள். சார் மகிழ்ந்து போய் ரெண்டும் கலந்தார்.

முதல் கரைசலில் நரம்பணு அமாவாசை மாதிரி இருந்தது. ஊசிமுனை லேசர் வெளிச்சத்தால் ஒரு முள்ளைத் தட்டினால் அந்த ஒரு முள் மட்டும் நட்சத்திரமாக மினுங்கிற்று. கிழட்டு எலியில் தனியாக மினுங்கி நாங்கள் பார்த்த முதல் முள் அதுதான். நான் குதித்த குதியில் மேஜை ஆடி நட்சத்திரம் காணாமல் போயிற்று. ரெண்டாவது கரைசலில் பௌர்ணமி. ரோஸ்லின் ரெண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். சார் ரெண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு தன் ஆட்காட்டி விரலை முகத்துக்கு நேரே தூக்கி, அது யாரோ தெரியாதவர் வீட்டு விரல் மாதிரிப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "இத்தன வருஷமா இந்த வெரலாலதாம்மா நான் எல்லாருடைய தப்பையும் சுட்டிக் காட்டிக்கிட்டிருந்தேன்."

விழுந்த மரங்கள்

எல்லாம் கூடிவந்த நேரத்தில், 2011 முடிகிற கடைசி நாட்களில், தானே புயல் அடித்தது. கடலூர்ப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு படுத்துக்கொண்டன. பண்ருட்டிச் சாலையில் மரம் இருந்த இடமெல்லாம் வானம் இருந்தது. இதில் நான் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை. கூட்டிச் சொல்ல அந்தப் புயல் எதையும் மிச்சம் வைக்கவில்லை. அருளப்பன் தோப்பில் நின்றிருந்தது அவர் ஒருத்தர்தான்.

பெங்களூர் அம்மாள் வருகிற நாள் குறித்தாகிவிட்டது. ரோஸ்லின் பையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மங்கலம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை இருக்கிறதாம், உடனே சேரலாமாம். "வீடு இப்படிக் கெடக்கறப்ப நான் எலி மூளையப் பாத்துக்கிட்டு நின்னா நல்லாருக்குமா மாமா?" என்றாள். சார் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவளை அழைத்துப் போக வந்திருந்த அருளப்பன் பையை எடுத்துக் கையில் மாட்டினார். வாசல் வரை போனார். நின்றார். திரும்பி வந்து பையை மேஜைமேல் வைக்கப் போனார், "மேஜைல வேணாம், ஆடும்" என்று நான் கத்தினேன், தரையில் வைத்தார். பிறகு மகளிடம் சொன்னார்: "புயல் அடிச்சுது, மரம் சாஞ்சுது. ஒன்னையும் நானே சாச்சேன்னு வை, நான் அந்தப் புயலவிடக் கேடுகெட்டவன். உள்ள போ."

பெங்களூர் அம்மாள்

வந்தார். வெள்ளைத் தலை, பருத்திப் புடவை, நம்மூர்த் தமிழ். அதனால் ஆறுதல் வேண்டாம். சிரிப்பை மட்டும் பெங்களூரிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். ரயில் அதற்குள் திரும்ப ஓட ஆரம்பித்திருந்ததால், ரெண்டு வண்டிக்கு நடுவில் கிடைக்கிற இடைவெளியில்தான் வேலை. ரோஸ்லின் ஒரு நரம்பணுவைப் பிடித்தாள், சாயம் ஏற்றினாள், ஒரு முள்ளைத் தட்டினாள். முள் மினுங்கிற்று. பக்கத்து முள் மினுங்கிற்று. அதற்குப் பக்கத்தது, அதற்கும் பக்கத்தது, கிளை முழுக்க மினுங்கிற்று. ஒழுகிவிட்டது. அம்மாள் பேனாவை மூடினார். "நான் எழுதினதுதானே?" என்றார். சார் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். எனக்கு என் தலைக்குள் சொட்டுச் சொட்டென்று சத்தம் கேட்க ஆரம்பித்தது.

ரோஸ்லின் குரல் மட்டும் ஆடவில்லை. "மேடம், கிளைய நல்லாப் பாருங்க. பாசிமணி கோத்த மாதிரி அங்கங்க வீங்கியிருக்கு. இந்த நரம்பணு செத்துக்கிட்டிருக்கு. செத்துக்கிட்டிருக்கிறது ஒழுகத்தான் செய்யும், எலிக்குட்டியோடதா இருந்தாலும் ஒழுகும். சாகறது வேற மேடம், வயசாகறது வேற." மைக்ரோஸ்கோப் முன்னாலிருந்து எழுந்து நின்றாள். "இன்னொண்ண நான் தேர்ந்தெடுத்தா எனக்குத் தோதானதா எடுத்தேன்னு ஆயிடும். நீங்களே ஒண்ணப் பாத்து எடுங்க."

அம்மாள் அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மைக்ரோஸ்கோப் முன்னால் தானே உட்கார்ந்தார். வீக்கமில்லாத கிளையாகத் தேடித் தேடி எடுத்தார். நான் அதற்குக் குவியம் வைத்துக் கொடுத்தேன். ஈக்கு வைத்ததைவிடச் சுத்தமான குவியம். எந்த முள் என்பதையும் அவரே காட்டினார். ரோஸ்லின் தட்டினாள். கறுப்புத் திரையில் ஒரே ஒரு முள், வேறெதுவும் இல்லை, குப்பென்று பூத்து அடங்கிற்று. "மறுபடி" என்றார். மறுபடி பூத்தது. "பக்கத்து முள்" என்றார். பக்கத்து முள் பூத்தது, முதல் முள் கண்ணைத் திறக்கவே இல்லை. "வேற கிளை." பூத்தது. "வேற எலி." அதிலும் பூத்தது. அடுத்த ரயில் வந்து மேஜையைக் குலுக்குகிற வரைக்கும் ஒழுகாத கிழட்டு முட்களாகப் பூத்துத் தள்ளிக்கொண்டே இருந்தன. நான் என் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன், உலர்ந்துதான் இருந்தது.

ரயில் போன பிறகும் அம்மாள் தலையைத் தூக்கவில்லை. சாருக்குப் பொறுக்கவில்லை. "மேடம், மைக்ரோஸ்கோப் விஷயம்..." என்று ஆரம்பித்தார். அம்மாள் கையை மட்டும் உயர்த்தி நிறுத்திவிட்டுச் சொன்னார்: "மைக்ரோஸ்கோப் இங்கியேதான் இருக்கும், இந்தப் பொண்ணு பட்டம் வாங்கற அன்னிக்கு முன் வரிசையில நான் இருப்பேன், ஆனா இப்போ யாரும் பேசாதீங்க, நான் எழுதின ஒரு கட்டுரை இப்பத்தான் என் கண்ணெதிர்ல செத்துப்போச்சு, ஒரு நிமிஷம் துக்கம் கொண்டாட விடுங்க."

கிழட்டு மூளை ஒழுகாது என்று உலகத்துக்கே காட்டிய இடத்தில் இத்தனை வருஷம் வேலை பார்த்தும் என் கிழட்டு வாய் ஒழுகுவதை அடைக்க ஒரு வழி கண்டுபிடிக்காமல் வந்துவிட்டேனே, சார் விரலைக்கூட விடாமல் உளறிவிட்டேன், அதனால் கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், சொன்ன ஆள் யாரென்று மட்டும் மூச்சு விடாதீர்கள்.